வாசலில் நின்ற கார்

மகனுக்கு அம்மா எழுதுவது. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கத் தேவையில்லை. போன வாரம்தான் உன்னைப் பார்த்தேன், சுகமாகத்தான் இருக்கிறாய். முகத்தில் சதை போட்டிருக்கிறது. ஏறி இறங்கச் சொந்தக் கார் இருக்கிறது. காரைக்குடியில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாய், தை பிறந்தால் திறப்பு. சோற்றுக்கு இலை போட்டுவிட்டு நான் நிற்கிறேன், நீ சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கல்லில் வெட்டப்போகிற வாசகம் என்று சொல்லி வாசித்துக் காட்டினாய். "அந்நாளில் இப்பகுதியில் மருத்துவ வசதி இல்லாமையால் மறைந்த எம் தந்தையார் நினைவாக." வாசித்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "சாப்பிடு, குழம்பு ஆறுது" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, அம்மாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். சந்தோஷம் இல்லை அய்யா. வாய் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

மூணாங்கிளாஸ் படித்தவள் எழுதுகிற கடிதம் இது. எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நேரில் உட்கார்ந்தால் நீ டாக்டர், நான் அம்மா. இரண்டு பேரும் அதற்குத் தக்கபடி பேசிக்கொண்டு எழுந்துபோய்விடுவோம். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. பாதியில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்திருக்க முடியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரி கல்லில் இருந்தால் நான் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன். குத்துவிளக்கை ஏற்ற வேறு ஆளைப் பார்த்துக்கொள். தாலி இல்லாதவள் விளக்கு ஏற்றலாமா என்று உன் பெரியப்பா கேட்டாராம். நீ அவரோடு சண்டை போட்டு, என் அம்மாதான் ஏற்றுவாள் என்றாயாம். உன் தங்கச்சி வந்து பெருமையாகச் சொன்னாள். அந்தச் சண்டையை அன்றைக்கு ஒரு நாள் போட்டிருந்தால், எனக்கு இன்றைக்குத் தாலி இருந்திருக்குமோ என்னமோ.

மருத்துவ வசதி இல்லாமை என்று எழுதியிருக்கிறாயே, எந்த வசதி அய்யா இல்லை? காரைக்குடியில் பெரியாஸ்பத்திரி இருந்தது. டாக்டர்கள் இருந்தார்கள். ரோட்டுக்குப் போனால் பஸ் இருந்தது. அதெல்லாம் கிடக்கட்டும், நம் வீட்டு வாசலில் ஒரு கார் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சும்மா நின்றதே, அது வசதி இல்லையா? அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கல்லில் நீ தெரியாதவன் மாதிரி எழுதியிருக்கிறாய், அதனால் தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். மீதிப் பாதி உனக்கு மெய்யாகவே தெரியாது. நீ அப்போது அந்தக் காரில் ஏறிப் போயிருந்தாய்.

அன்றைக்கு உன் தங்கச்சிக்குப் பூ வைக்க வந்தார்கள். நாட்டரசன்கோட்டைப் பக்கத்து இடம். அதற்கு முன்னால் வந்த இடம் ஒன்று தட்டிப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். புள்ளைக்கு இளைப்பு இருக்கிறது என்று எவளோ ஒருத்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட, வெற்றிலை பாக்கோடு வந்தவர்கள் வெற்றிலை பாக்கோடு திரும்பினார்கள். உன் தங்கச்சிக்கு ஒரு தும்மல்கூட இல்லாத காலம் அது. அந்த அடியில் உன் பெரியப்பா ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்: இந்தக் கல்யாணம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் எவனுக்கும் நோய் வரக்கூடாது. இருமினால்கூடக் கொல்லைக்குப் போய் இருமவேண்டும். இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நாங்கள் மெய்யாகவே கொல்லைக்குப் போய்த்தான் இருமினோம்.

கோழி கூப்பிட உன் அப்பா பம்புசெட்டுக்குப் போய்த் தண்ணீர் திருப்பிவிட்டு வந்தார். நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், மாக்கோலம், பெரிய கோலம். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "என்ன, ஒரு மாதிரி இருக்கீக?" என்றேன். "நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. இடது கையி எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி தொங்குது" என்றார். தொட்டுப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் உடம்பு முழுக்க வேர்வை, அதுவும் சில்லென்று. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். உன் பெரியப்பா வந்து பார்த்துவிட்டுக் கடையில் கோலி சோடா வாங்கி வரச்சொன்னார். சோடாவைக் குடித்ததும் ஒரு ஏப்பம் வந்தது. அந்த ஏப்பத்துக்கு வீடே கும்பிடு போட்டது. "வந்துருச்சுல்ல! வாயுதான். தம்பி, உக்காராத, நட. நடந்தாத்தான் கலையும்" என்று மாட்டுக்கொட்டகையைச் சுற்றி நடக்கவிட்டார் உன் பெரியப்பா. நெஞ்சில் அம்மிக்கல்லோடு ஒரு மனுஷன் மாட்டைச் சுற்றி நடந்தார். நான் இட்டிலிப் பானையை அடுப்பில் வைத்தேன்.

அப்போதுதான் உன்னை எழுப்பினோம். மதுரையில் மூன்றாவது வருஷம் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாய். விசேஷத்துக்கென்று முந்தின நாள்தான் வந்திருந்தாய். வரும்போது நெஞ்சில் வைத்துப் பார்க்கிற அந்தக் குழாயையும் கொண்டுவரச் சொல்லி உன் பெரியப்பா ஆள் விட்டிருந்தார். சம்பந்தி வீட்டார் பார்க்கிற மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிய வேண்டுமாம். அந்தக் குழாயை அப்பா நெஞ்சில் வைத்தாய். முன்னால் வைத்தாய், பின்னால் வைத்தாய். நாடி பிடித்தாய். வீட்டில் இருந்த அத்தனை பேரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உன் அப்பாவும் பார்க்கிறார். உன் பெரியப்பா, "என்ன டாக்டரே, வாயுதானே?" என்றார். கேள்வியா அது? பதிலையும் சேர்த்து உன் கையில் கொடுத்துவிட்டார். நீ குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "வாயுதான் பெரியப்பா. ஒண்ணும் பயமில்ல."

உனக்குத் தெரியவில்லை என்று உன் முகத்தில் எழுதியிருந்தது. பெற்றவளுக்கு அது தெரியாமலா போகும். படித்தும் தெரியவில்லையே என்று நான் உன்னை இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். பாதிப் படிப்பில் இருந்த பிள்ளை, என்ன தெரியும்? தெரியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். "எனக்குத் தெரியல, டாக்டர்கிட்டப் போவோம்" என்று நீ சொல்லியிருந்தால், உன் பெரியப்பா குதித்திருந்தாலும் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியிருப்பேன். நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு. உன் பெரியப்பா சொன்னால் அது அவர் பேச்சு. நீ சொன்னாயே, அது டாக்டர் பேச்சு. அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேச முடியும்?

உன் அப்பா அதற்குப் பிறகு வலி என்று சொல்லவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எம் மகனே பாத்துட்டான். வாயுதானாம்" என்று சொல்லிக்கொண்டார். சொல்லும்போது சிரித்தார். வலியோடு சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று உன் புஸ்தகத்தில் போட்டிருக்கிறானோ இல்லையோ, நான் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் கருப்புக் காரில் வந்தார்கள். நம் தெருவில் அதுவரை கார் வந்ததே இல்லை. கோலத்தின் மேலேயே ஏற்றி நிறுத்தினான் டிரைவர். கார் தட்டுப்பட்டதும் உன் பெரியப்பா உன் அப்பா காதில், "தம்பி, கொஞ்சம் பல்லக் கடிச்சுக்க. ராகு காலத்துக்கு முன்னாடி தட்ட மாத்திட்டா முடிஞ்சுது" என்றார். தட்டு மாற்றுவதற்குப் பெண்ணைப் பெற்றவன் கை வேண்டுமே. அந்தக் கைக்காகத்தான் அவ்வளவும். சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி, ஜமக்காளத்தில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். சாய்ந்து உட்காரவும் விடவில்லை. சம்பந்திகளுக்கு முன்னால் சாய்ந்தால் மரியாதைக் குறைவாம். இடது கை தூக்க வரவில்லை என்று வலது கையால் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிப் பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, இப்பவே இப்படி வேர்க்குது? இன்னும் நாங்க சீரே கேக்கலையே!" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. உன் அப்பாவும் விடவில்லை. "பொண்ணக் குடுக்கறவனுக்கு வேர்க்கும். வாங்கறவுகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வேர்க்கும்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் சமையலறை நிலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அந்தக் கூடமும் தெரிந்தது, வாசலில் நின்ற காரும் தெரிந்தது. டிரைவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

விருந்து போட்டோம். சம்பந்தி இலைக்குப் பக்கத்து இலையில் உன் அப்பாவையும் உட்கார வைத்து, சாப்பிடுகிற மாதிரி சோற்றைப் பிசையச் சொன்னோம். பிசைந்தார். சாப்பிட்டு முடித்து அவர்கள் வெற்றிலை போட்டு, பேசி, இன்னொரு தரம் வெற்றிலை போட்டு, ஒருவழியாகக் கிளம்பினார்கள். உனக்கு மறுநாள் பரீட்சை. "தம்பி காரைக்குடி வரைக்கும் நம்ம கார்லயே வரட்டுமே, அங்க மதுரை பஸ்ஸப் பிடிக்கலாம்" என்றார் சம்பந்தி. நீ அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாய். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "நல்லா எழுது" என்றார். உனக்கு இடம் இருந்த அந்தக் காரில் அவருக்கும் ஒரு இடம் இருந்தது மகனே. பின் சீட்டில் ஒரு ஆள் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். நீ கண்ணாடி வழியாகக் கை ஆட்டினாய். நானும் ஆட்டினேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. கார் தெருமுனை திரும்பியதும் உன் அப்பா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். மாட்டைப் பூட்டி, அவரை வண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து பஸ். பஸ் பெரியாஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போனது. இறங்குவோம் என்று நான் எழுந்தேன். உன் பெரியப்பா கையைக் காட்டி உட்காரவைத்தார். "அங்குட்டு வேண்டாம். ஊர்ப்பட்ட சனம் கிடக்கும். பூ வச்ச அன்னைக்கே மாமனாரு ஆஸ்பத்திரியில படுத்துட்டாருன்னு பொழுது சாயறதுக்குள்ள நாட்டரசன்கோட்டைக்குச் சேதி போயிரும். எனக்குத் தெரிஞ்ச டாக்டரு இருக்காரு, மறைவா பாத்துட்டு வந்துருவோம்." மறைவாக. கொலைக் குற்றம் செய்தவனைக் கூட்டிப்போகிற மாதிரி மறைவாக. அந்த டாக்டர் இருந்தது மாடியில். படியெல்லாம் ஆட்கள் காத்திருந்தார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து உன் அப்பா ஏறினார். பாதிப் படியில் ஒரு புள்ளைத்தாச்சி நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து வழி விட்டாள். "இல்லத்தா, நீ முதல்ல போ. எனக்கு ஒண்ணுமில்ல, வாயுதான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தவர் என் மேலேயே சாய்ந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். படியிலேயே படுக்க வைத்து ஊசி போட்டார். பாவம், அந்த மனுஷன் தன்னால் ஆனதெல்லாம் பார்த்தார். நேரம் போய்விட்டது. எத்தனை மணிக்கு வலி வந்தது என்று கேட்டார். கோழி கூப்பிட என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காலையில கொண்டாந்திருந்தா கண்டிப்பா பொழைச்சிருப்பாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா வலி விடாம இருந்தா அந்த ஆளை நடக்க விடப்படாது. படியேற விடப்படாது. வேற எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல ஆஸ்பத்திரியில கொண்டாந்து படுக்க வைக்கணும். ஒரு வழி இருந்துச்சு. நீங்க அந்த வழியை அடைச்சுட்டீங்க" என்றார். உன் பெரியப்பா அப்போது படியிறங்கி வண்டி பார்க்கப் போய்விட்டார்.

துக்கத்துக்குச் சம்பந்தி வந்தார். அதே கருப்புக் காரில்தான் வந்தார். நீங்களெல்லாம் தலை முழுகப் போயிருந்தீர்கள், உன் பெரியப்பா மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றார். சம்பந்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்று, "அய்யா, எங்காரு உங்க வாசல்லதானே நின்னுச்சு? ஒரு வார்த்த சொல்லப்படாதா? நாங்க என்ன பேயா, பிசாசா? பொண்ணக் கேட்டுத்தானே வந்தோம், உசிரக் கேட்டா வந்தோம்?" என்றார். "நோவுன்னா ஓடிருவோம்னு நெனச்சீகளாக்கும். பூ வச்சது வச்சதுதான். அந்தப் புள்ள எங்க வீட்டுப் புள்ள" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். எவரிடமிருந்து மறைத்தோமோ அவர்தான் அன்றைக்கு மெய்யாக அழுதவர். உன் தங்கச்சி அந்த வீட்டில் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். நம் வீட்டைவிட நன்றாக இருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். கல்லில் வெட்டுகிற பொய் ஒரு காரணம். இன்னொன்று, உன் ஆஸ்பத்திரியைப் பார்த்தது. சாப்பிட்டு முடித்து, வாம்மா கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காரில் கூட்டிக்கொண்டு போனாயே. பெரிய வீடு, மறுக்கவில்லை. பர்மா தேக்கு, வழவழவென்று தரை. முன்வாசலில் ஏறவே அத்தனை படி. முகப்பில் மருந்துக்கடை. அதற்குப் பின்னால் பேர் பதிகிற மேஜை. அதையும் தாண்டினால் பெஞ்சு. கடைசியில் மாடிப்படி ஏறச் சொல்லி ஒரு அறையைத் திறந்து, துணி போட்டு மூடியிருந்த மெஷினைக் காட்டினாய். "இதுதாம்மா ஈ.சி.ஜி. நெஞ்சு வலின்னு வந்தா இதுல படம் எடுத்துப் பாத்துச் சொல்லிறலாம். படம் பஸ் டிக்கெட் சுருள் மாதிரி நீளமா வரும்." நான் கேட்டேன்: "நெஞ்சு வலிக்காரன் இம்புட்டுப் படியும் ஏறியா வரணும்?" நீ சிரித்தாய். "ஆள் தூக்கிட்டு வருவாங்கம்மா. மாடியிலதான் காத்து வரும். பெரிய வீட்டு ஆளுங்க வந்தா மதிப்பா இருக்கும்."

நம் ஊர் ஆண்பிள்ளை எவனய்யா தூக்கவிடுவான்? உசிரோடு இருக்கிறவனைத் தூக்கினால் சகுனம் ஆகாது என்பான். கால் நகர்கிற வரைக்கும் நடப்பான், படி இருந்தால் ஏறுவான், ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறுவான். உன் அப்பா ஏறின மாதிரி. அவர் பெயரைக் கீழே வாசலில் வெட்டிவைத்துவிட்டு, அவரைச் சாகடித்த படியை நீ மேலே கட்டிவைத்திருக்கிறாய்.

அந்த மாடியில் நின்றபோது எனக்கும் நெஞ்சை அடைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கொத்தனாரிடம் சுண்ணாம்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். "என்னமோ பண்ணுதப்பா" என்றேன். நீ திரும்பாமலே சொன்னாய்: "காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. வாயுவா இருக்கும்மா." பக்கத்தில் மெஷின் இருந்தது. துணியை எடுத்தால் போதும். உன் வாயில் அதே வார்த்தை வந்தது அய்யா. இப்போது நீ முழுப் படிப்பும் படித்தவன்.

நீ என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனபிறகும் அது விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, கொத்தமல்லி மூட்டை ஏற்றப்போன டிராக்டரை மறித்து ஏறி, பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நெஞ்சு வலி என்று நான் சொன்ன மாத்திரத்தில், சீட்டு எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்தினார். "சீட்டு அப்புறம்" என்று ஒரு நர்சு என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தாள். காலில் அரிவாள் வெட்டோடு ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவன் எனக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்தான். அவனை ஒரு பையன் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். டாக்டர் என்னிடம் வந்தாள். உன்னைவிடச் சின்னப் பெண். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, யார் வீட்டுப் பொம்பளை என்று கேட்கவில்லை. எப்போது ஆரம்பித்தது, விட்டு விட்டு வலிக்கிறதா, விடாமல் வலிக்கிறதா, கைக்கு இறங்குகிறதா, வேர்க்கிறதா என்று மட்டும் கேட்டாள். "வாயுவா இருக்குமாத்தா?" என்று நானே கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "தெரியலம்மா. தெரியற வரைக்கும் நீங்க அசையாம படுத்திருங்க."

நான் அழுதுவிட்டேன். பயத்தில் என்று நினைத்து அவள் தட்டிக்கொடுத்தாள். தெரியலம்மா என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பதற்கு நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படம் எடுத்தார்கள், ஒரு நாள் வைத்திருந்து பார்த்து, மறுபடி படம் எடுத்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை, மாத்திரை சாப்பிடு, கனம் தூக்காதே, திரும்ப வலி வந்து, அது நிற்காமல் இருந்தால் யோசிக்காமல் வந்துவிடு என்று அனுப்பினார்கள். ஆகவே நீ இதைப் படித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வண்டியில் ரோட்டுக்குப் போகிறபோது உன் அப்பா தலை என் மடியில் இருந்தது. உன் பெரியப்பா முன்னால் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி உன் அப்பா சொன்னார்: "இது வாயு இல்ல. எனக்குக் காலையிலேயே தெரியும். அவன ஒரு வார்த்த கேட்டுறாத. பயந்துட்டான்னா நாளைக்கு எவன் நெஞ்சையும் தொட மாட்டான்." அவ்வளவுதான் பேசினார். நீ பயப்படக்கூடாது என்று அவர் செத்தார். நீ பயப்படக்கூடாது என்று நான் கேட்காமல் இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உன்னைப் பயமில்லாதவனாக ஆக்கிவிட்டோம்; அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அவர் வாக்கை மீறி இன்றைக்குக் கேட்கிறேன். நீ கொஞ்சம் பயப்படு. எவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அவன் உன் அப்பா என்று பயப்படு. பேர் அப்புறம் எழுதலாம், பீஸ் அப்புறம் வாங்கலாம், பெரிய வீட்டு ஆள் காத்திருந்தால் காத்திருக்கட்டும். கத்துகிறவனைப் பார்க்க நாலு பேர் வருவார்கள். சலவைச் சட்டை வேர்வையில் நனைந்து, சிரித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று ஒருவன் ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவனை முதலில் பார்.

அந்த மெஷினைக் கீழே இறக்கு. மருந்துக்கடையை மாடிக்கு ஏற்றினாலும் சரி, வாசலை ஒட்டின அறையில் அதை வை. முன்படிக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு கட்டச் சொல், கொத்தனார் இன்னும் அங்கேதான் இருக்கிறான். கல்லில் அப்பா பேரை மட்டும் வெட்டு, காரணம் ஒன்றும் வெட்டாதே. உன் பெரியப்பாவை நடு நாற்காலியில் உட்கார வை, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தச் சரிவு எதற்கு என்று அவர் கேட்டால் மட்டும் நீயே அவருக்குச் சொல். இவ்வளவும் செய்தபிறகு எனக்கு ஒரு சேதி அனுப்பு. வந்து விளக்கை ஏற்றுகிறேன்.

கூட்டிப்போகக் கார் அனுப்பாதே. நான் பஸ்ஸில் வருவேன். கார் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கட்டும். டிரைவரைத் தூங்கவிடாதே.